கேக் வெட்டுவதற்கு முன் ஒரு கூத்து

கேள்வி: எங்கள் மூத்த மகளின் சாமத்தியச் சடங்கை (பூப்பு நீராட்டு விழாவை) வைகாசியில் கல்முனையில் ஒரு மண்டபத்தில் வைக்க எண்ணியிருக்கிறோம். நமது கலை அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, கேக் வெட்டுவதற்கு முன் மேடையில் ஒரு பத்து நிமிசம் கூத்து ஆடுவிக்க விருப்பம். கூத்தின் இரண்டு மோடிகளில், அதாவது ஆட்ட வகைகளில், வடமோடி பொருத்தமா, தென்மோடி பொருத்தமா? செலவு எவ்வளவு வரும்?
– ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: மோடி கிடக்கட்டும். அந்தப் பத்து நிமிசத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். அறிவிப்பாளர் 'அழிந்துவரும் நமது அரிய கலை' என்று தொடங்கி, மண்டபக்காரருக்கும் சோடனைக்காரருக்கும் நன்றி சொல்லி முடிக்க இரண்டு நிமிசம். மத்தளத்துக்கு எந்த மைக் என்று சவுண்ட்ஸ்காரர் தேட ஒரு நிமிசம். தேடிப் பிடித்த மைக் கூவி அடங்க அரை நிமிசம். கட்டியகாரன் வந்து, அரசர் வருகிறார் என்று பாடி ஆட ஒன்றரை. அரசரும் வருகிறார். வீடியோக்காரர் கையை உயர்த்தி, "அண்ணே, லைட் காணாது. ஒருக்காத் திரும்பிப் போய்ப் புறகு வாங்க" என்கிறார். அரசர் திரும்பிப் போகிறார். கட்டியகாரன் என்ன செய்வான்? அவனும் மறுபடி முதலிலிருந்து கட்டியம் கூறுகிறான். இரண்டு நிமிசம் போயிற்று. மிச்சம் மூன்று. அரசர் தன் பேரையும் நாட்டையும் பாடி வாய் மூடுவதற்குள் தள்ளுவண்டியில் கேக் வந்துவிடும். வந்தவர் தருமரா துரியோதனனா என்று தெரியாமலே சனம் கை தட்டும். துரியோதனனாக இருந்தால் பிள்ளைக்கு ஆசீர்வாதம் வேறு பண்ணிவிட்டுப் போவார்.

இதற்காகப் பத்து நிமிசக் கூத்தே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. நமது மட்டக்களப்புப் பக்கத்து ஊர்களில் அது பழைய வழக்கம். களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் விடிய விடிய ஆடி அரங்கேற்றம் முடிந்த பிறகு, கூத்தர்கள் உடுப்போடு வீட்டுக்கு வீடு போய் வாசலில் கொஞ்சம் ஆடுவார்கள். வீட்டுக்காரர் காசோ சால்வையோ கொடுப்பார். பத்து நிமிசத்துக்கு மேல் எந்த வாசலிலும் நிற்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிசத்துக்கு முன்னால் ஓர் இரவும், அந்த இரவுக்கு முன்னால் பல மாதங்களும் கிடந்தன.

வயல் வேலை ஓய்ந்த நாட்களில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை அழைத்து வந்து, எந்தக் கூத்து என்று ஊர் கூடி முடிவெடுத்து, ஆளுக்கு ஏற்ற பாத்திரம் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாட வேண்டிய பகுதியைக் கொடுப்பார்கள். குரல் இருப்பவனுக்குக் கால் இருக்காது, கால் இருப்பவனுக்குக் குரல் இருக்காது. இரண்டும் இருப்பவனுக்குத்தான் அரசன் வேசம் என்று இல்லை, மாமன் கூத்து நடத்தும் மனேச்சராக இருப்பவனுக்கும் கிடைக்கும். முதலில் தாளக்கட்டைச் சொல்லிச் சொல்லிக் கால் பழக்குவது. பிறகு பாட்டு. கால் ஓரளவு படிந்ததும் சதங்கை அணி விழா. சதங்கை கட்டிய அன்றுதான் யார் தாளத்துக்கு வெளியே மிதிக்கிறான் என்பது ஊருக்குக் கேட்கும். அதன் பின் கிழமைக்கு ஒருநாள் கிழமைக்கூத்து. கடைசியில் உடுப்பு மட்டும் இல்லாமல் முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். அதற்குப் பிறகே களரி. இவ்வளவையும் தாண்டி வந்தவன் உங்கள் வாசலில் நாலடி போட்டாலும் அது கூத்து. வாட்ஸ்அப்பில் பாட்டை அனுப்பி மூன்று பின்னேரம் பழகி வந்தவன் மேடையில் ஒரு மணித்தியாலம் நின்றாலும் அது வேறு.

வடமோடியா தென்மோடியா என்றால்: வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதை. பாட்டில் இழுவை குறைவு, ஆட்டத்தில் வேகம் கூட. எட்டுப் போடுதல், குத்துமிதி, வீசாணம், பாய்ச்சல் என்று இடம் கேட்கிற ஆட்டம். உடுப்பும் கனம், கூடை போல விரிந்த கரப்புடுப்பும் கிரீடமும் தோளில் புயக்கிரீடமும் கட்டிக்கொண்டவன் கலியாண மண்டபத்து மாபிள் தரையில் பாய்ச்சல் எடுத்தால், வியர்வை சொட்டிய இடத்தில் கால் வழுக்கி மணவறைச் சோடனைக்குள் போய் விழுவான். தென்மோடியில் பாட்டை இழுத்துப் பாட வேண்டும், உடுப்பு இலேசு, காதற்கதைகள் அதிகம். ஒரு தருவை, அதாவது ஒரு கூத்துப் பாட்டை, ஒழுங்காகப் பாடி ஆட உங்கள் பத்து நிமிசம் பத்தாது. ஆகவே இரண்டும் பொருந்தாது.

'மேடையில்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் இனி என்ன வரும் என்று தெரிந்து பெருமூச்சு விடலாம். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்தைச் சுருக்கி மேடை ஏற்றினார். நல்ல காரியம். படித்தவன் கூத்தைப் பார்த்து வெட்கப்பட்ட காலத்தில் அதைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆனால் அவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை வைத்துப் பழக்கினார். ஆடியவர்களில் மௌனகுரு போல இந்த மண்ணில் கூத்தோடு வளர்ந்தவர்கள் இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து சுருக்குவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு இப்போது கூத்தருக்குப் பரதநாட்டிய முத்திரை வேறு. வில் பிடிக்க வேண்டிய கை தாமரை பிடிக்கிறது.

களரிக்கு முன்பக்கம் கிடையாது. நடுவில் அண்ணாவியார், மத்தளம், சல்லாரி என்னும் தாளம், பிற்பாட்டு. கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார். சனம் சுற்றிவர இருக்கும். கூத்தர் ஓர் அடி பாடினால் பிற்பாட்டுக்காரர் அதை எடுத்துப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் கூத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு ஆடுவார். நாலு பக்கமும் பாட்டுக் கேட்டதற்கும் அதுதான் காரணம். மேடையில் ஸ்டாண்ட் மைக்கை நட்டதும் இந்த ஏற்பாடு முழுக்கக் குலைகிறது. கூத்தர் மைக்குக்கு முன் வந்து நின்று பாடுவார், பிறகு தள்ளிப் போய் ஆடுவார், அடுத்த அடிக்கு மூச்சிரைக்க ஓடி வருவார். மத்தளத்துக்குத் தனி மைக் கொடுத்தால் பெட்டிகள் நெஞ்சை உலுக்கும், சதங்கை கேட்காது. சதங்கை கேட்காத கூத்தை ஊமைப்படமாகவே எடுத்து வைத்துவிடலாம். மைக் கட்டாயம் என்றால் ஒன்றே ஒன்று, பிற்பாட்டுக்காரரின் தலைக்கு மேலே தொங்க வேண்டும். மற்றதெல்லாம் கழற்றப்பட வேண்டும். சவுண்ட்ஸ்காரர் கோபிப்பார், கோபிக்கட்டும்.

சரி, பிள்ளையின் சடங்கு. போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீட்டில் வயலின் எடுத்தால் மாப்பிள்ளை வீட்டுக் கிழவரும் பெண் வீட்டுக் கிழவியும் எழும்பிக் கபிரிஞ்ஞா ஆடுகிறார்கள். காசுக்கு ஆள் பிடித்து ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. உங்கள் குடும்பத்திலும் பிள்ளையின் மச்சான்மார், தம்பிமார் என்று எட்டுப் பொடியன்கள் தேறுவார்கள்தானே? அவர்களுக்கு வசந்தன் என்னும் கோலாட்டத்தைப் பழக்குங்கள். வசந்தன் பாட்டுகள் சிறியவை. பத்து நிமிசத்தில் இரண்டு அடங்கும். வேளாண்மை வெட்டுப் பாட்டும் கிடைக்கும், சாமி பாட்டும் கிடைக்கும். தி. சதாசிவ ஐயர் தொகுத்து 1940இல் வந்த வசந்தன் கவித்திரட்டில் வேண்டிய அளவு இருக்கிறது. காலுக்கு மட்டும் அண்ணாவியார் வேண்டும்.

ஆள் இரட்டையாக இருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் சோடிக்கு அடிக்க ஆளில்லை. ஆகவே பத்துப் பேரைப் பழக்கி எட்டுப் பேரை ஆடவிடுங்கள். ஆளுக்கு இரண்டு கோல், முழத்துக்குச் சற்றுக் கூட, எல்லாம் ஒரே மரத்தில், ஒரே மொத்தத்தில். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குழாயும் தும்புத்தடியின் காம்பும் கலந்தால் ஓசை பிளந்து, தாளம் சரியாக இருந்தாலும் பிழையாகக் கேட்கும். முதல் பத்து நாள் கோலே கொடுக்க வேண்டாம். வெறுங்கையால் கால் மட்டும். கோலை முதலே கொடுத்தால் பிள்ளைகள் கோலைப் பார்ப்பார்கள், கால் நின்றுவிடும், விரல் நசுங்கும். மத்தளம் வேகம் பிடித்ததும் வட்டம் சுருங்கும். எல்லாப் பிள்ளைகளும் தம்மை அறியாமல் உள்ளே போவார்கள், கோல் வீச இடம் இராது. தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கால் அதற்கு வெளியே நிற்கப் பழக்கினால் இது வராது. உள்ளும் வெளியுமாக மாறி மாறி ஆடும் பின்னல் போடும்போது யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஒருவர்விட்டு ஒருவருக்குக் கையில் நூல் கட்டிக் காட்டலாம். ஒரு மாதமாவது பழக வேண்டும். மண்டபத்தில் மேடையை விட்டுவிட்டு நடுவில் கதிரைகளை ஒதுக்கி, இருபது அடி இடம் எடுங்கள். அண்ணாவியார் நடுவில்.

பிள்ளைக்குப் பெண் தோழிகளும் ஆட ஆசை என்றால் ஆடட்டும். களரியில் பெண் வேசத்தையும் ஆண்களே கட்டிய ஊர் என்று யாராவது பெரியவர் முறுகினால், வேசம் கட்டிய ஆண்களுக்குச் சேலை கொடுத்தது எந்த வீட்டுப் பெண் என்று கேளுங்கள்.

செலவை நம்மிடம் கேட்டுப் பயனில்லை. வெற்றிலை பாக்கோடு அண்ணாவியார் வீட்டுக்கு நீங்களே போங்கள்; போனில் விலை பேச வேண்டாம். மத்தளம், சல்லாரி, பிற்பாட்டுக்கு இரண்டு பேர் என்று குறைந்தது நாலு பேருக்குச் சாப்பாடும் வாகனமும் உங்கள் பொறுப்பு. அவர்களை வீடியோக்காரருக்கு முந்திய பந்தியில் இருத்துங்கள்.

சடங்கு வைக்கும் நாளை மட்டும் மாற்றுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறந்துவிடும். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று வரிசையாகக் குளுத்தி, அதாவது அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு. மத்தளகாரர், பிற்பாட்டுக்காரர் யாரும் அகப்பட மாட்டார்கள், உங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேரும் கோயிலில் நிற்பார்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே போய்ப் பேசுங்கள்.