காசநோயும் அழற்சியும்: கேள்வி பதில்

கேள்வி: அழற்சி என்பது கிருமியிடமிருந்து நம்மைக் காக்கும் ஏற்பாடு என்று பாடத்தில் படித்தேன். காசநோயில் நுரையீரலைக் கெடுப்பதே அழற்சிதான் என்கிறார் எங்கள் பேராசிரியர். இரண்டும் எப்படி உண்மையாகும்?

பதில்: இரண்டும் உண்மைதான். டிப்தீரியா, டெட்டனஸ் ஆகிய நோய்களில் கிருமி சுரக்கும் நச்சே பெருங்கேட்டைச் செய்கிறது. காசநோய்க் கிருமி அந்த வகையைச் சேர்ந்ததன்று. மூச்சோடு உள்ளே போகும் கிருமியை நுரையீரலில் இருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் விழுங்குகின்றன. விழுங்கியதைக் கொல்ல முடியாதபோது பிற வெள்ளணுக்களும் வந்து சூழ்ந்து, கிரானுலோமா என்னும் சிறு முடிச்சுக்குள் அதைச் சிறைவைக்கின்றன. தொற்றுக்கு ஆளானவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் எப்போதாவது நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களிடம் அந்தக் காவல் நிலைத்துவிடுகிறது.

நோய் வெளிப்படுபவர்களிடம் முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல் நைந்து, பிறகு இளகி, மூச்சுக்குழாய்க்குள் உடைகிறது. எக்ஸ்ரேயில் நாங்கள் காணும் குழி அதுதான். அங்கே நுரையீரல் திசுவை அரிப்பவை பெரும்பாலும் நம் செல்களே சுரக்கும் நொதிகள். காற்றோட்டமுள்ள குழியில் கிருமி பெருகி இருமலோடு வெளியேறுவதால், நம் அழற்சியே அது அடுத்தவரைச் சென்றடைய வழி திறந்துவிடுகிறது. எச்.ஐ.வி. முற்றி, எதிர்ப்பை வழிநடத்தும் சிடி4 என்னும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்குக் குழி விழுவது குறைவு. சளியை நுண்ணோக்கியில் பார்த்தாலும் பலரிடம் கிருமி தென்படுவதில்லை. அதனால் அவர்கள் பிழைத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தடுப்பார் இல்லாமல் கிருமி உடலெங்கும் பரவுவதால், அவர்களே விரைவில் இறக்கிறார்கள்.

கேள்வி: காசநோய்த் தொற்றை அறியப் போடும் மேன்டூ ஊசி போட்ட மூன்றாம் நாள் என் முன்கையில் 14 மி.மீ. தடிப்பு இருந்தது. எனக்குக் காசநோய் வந்துவிட்டதா?

பதில்: அந்தத் தடிப்பை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஊசியில் இருப்பது கிருமியன்று, கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதம். அதை முன்பே அறிந்த டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் அவ்விடத்தில் வந்து கூடுவதைத்தான் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளக்கிறோம். அப்போதும் சிவப்பை விட்டுவிட்டு, விரலால் தடவித் தடிப்பின் விளிம்பை மட்டும் குறிக்கிறோம். உங்கள் உடல் அக்கிருமியை என்றோ சந்தித்திருக்கக்கூடும் என்பதே அதன் பொருள். பிசிஜி தடுப்பூசியாலும் சிலருக்குத் தடிப்பு வரும். நோய் இருக்கிறதா என்பதை அறிகுறி, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை ஆகியவையே சொல்லும். இந்தப் புரதத்தின் பழைய, சுத்திகரிக்காத வடிவமான டியூபர்குலினை, காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் 1890இல் காசநோய்க்கு மருந்தென அறிவித்தார். நோயுற்ற இடங்களில் கடும் அழற்சி மூண்டு, ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் இறந்துபோனார்கள்.

கேள்வி: என் மகனுக்குக் கழுத்தில் நெறிகட்டிக் காசநோய். மாத்திரை தொடங்கியபோது நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டி, இரண்டு மாதத்தில் எலுமிச்சை அளவாகிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா, டாக்டர்? நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. கட்டி பெரிதாவதைக் கண்டு மாத்திரையை விட்டவர்கள், பின்னர் முற்றிய நோயோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். மருந்தால் கிருமிகள் மடியும்போது அவற்றின் சிதைவுகள் வெளிப்படுகின்றன. அதுவரை தளர்ந்திருந்த எதிர்ப்பாற்றலும் தேறி அவற்றின்மேல் பாய்கிறது. அதனால் நோய் தணிந்துவரும்போதே கட்டி வீங்கலாம், புதுக்கட்டி தோன்றலாம், சீழும் வரலாம். எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குக் காசநோய் திடீரெனச் சீறுவதும் இதே காரணத்தால்தான். ஆயினும் இதுதான் காரணம் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்டுவது தவறு. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாலும் கட்டி வளரும் என்பதால், அதிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதிக்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அழற்சிதான் சிக்கல் என்றால், அதை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை எல்லாக் காசநோயாளிகளுக்கும் கொடுக்கலாமே?

பதில்: கூடாது. இடத்தையும் நேரத்தையும் பார்த்தே அதைக் கொடுக்கிறோம். மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. ஆகவே மூளை உறையைத் தாக்கும் காசநோயில் அது உயிர் காக்கிறது. 2004இல் வெளியான வியட்நாம் ஆய்வில், காசநோய் மருந்தோடு டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டும் பெற்றவர்களில் 31.8 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 41.3 விழுக்காட்டினரும் ஒன்பது மாதத்துக்குள் இறந்தார்கள். ஊனம் மட்டும் குறையவில்லை. எச்.ஐ.வி.யும் உள்ளவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால், காவலை எடுத்துவிட்டுக் கிருமியை அவிழ்த்துவிட்டதாகும். கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கத்தை நான் அஞ்சுவது இதனால்தான்.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். எனக்கு இருமலே இல்லையே?

பதில்: இருமல் இல்லாவிட்டாலும் செய்துகொள்ளுங்கள். கிரானுலோமாவைக் கட்டிக்காப்பதில் டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உங்கள் மூட்டுவலிக்காக அந்த ஊசி முடக்குவது அதைத்தான். பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த கிருமி அப்போது வெளியே வரக்கூடும் என்பது 2001ஆம் ஆண்டிலிருந்தே தெரியும். மறைந்த தொற்று இருப்பது தெரிந்தால், முதலில் அதற்குத் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட்டு, எப்போது ஊசியைப் போடலாம் என்பதை மருத்துவர் சொல்வார்.