டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தக்காரர் ராண்டி ஆர்டன் அமெரிக்க ராணுவத்தை விட்டு ஓடிவந்தவர் என்கிறார்களே, உண்மையா? அப்படிப்பட்டவரைக் கொண்டாடலாமா?

உண்மைதான். ஆனால் "போர்க்களத்தில் இருந்து தப்பியோடிய கோழை", "தேசத்துரோகி" என்றெல்லாம் வீடியோக்களில் தலைப்பு வைக்கிறார்களே, அது பொய். நான் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். மல்யுத்த ரசிகன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பாரக்ஸில் பொழுதுபோக்கு ரூம் டிவியில் பையன்கள் பார்க்கும்போது கூடவே பார்த்த பழக்கம், அவ்வளவுதான். இருந்தாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நடந்தது. ஆர்டன் பிறந்தது 1980 ஏப்ரல் 1. தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லோரும் மல்யுத்தக்காரர்கள். அப்பா 'கவ்பாய்' பாப் ஆர்டன் 1985-ல் டபிள்யூடபிள்யூஇ-யின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா முதன்முதலாக நடந்தபோது, ஹல்க் ஹோகனை எதிர்த்த ரவுடி பைப்பருக்குத் துணையாக ரிங் ஓரத்தில் நின்றவர். கையில் மாவுக்கட்டோடு ஹோகனை அடிக்கப் பாய்ந்தார், அடி குறி தவறித் தன் பக்கத்து ஆள் மேலேயே விழுந்தது, ஹோகன் ஜெயித்துவிட்டார். பழைய ரசிகர்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்படிப்பட்ட அப்பாவே மகனிடம் இந்தத் தொழில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க முடியாது, அதனால் வேண்டாம் என்றார்.

பையன் 1998-ல் பள்ளிப் படிப்பை முடித்ததும் அமெரிக்க மரீன் படையில் சேர்ந்தார். அங்கே கட்டாய ராணுவச் சேவை 1973-லேயே போய்விட்டது. ஆகவே யாரும் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை, தானாகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர். சேர்ந்தபின் பிடிக்கவில்லை. இரண்டு முறை அனுமதி இல்லாமல் முகாமை விட்டுப் போனார். மேலதிகாரி நேரடியாக இட்ட உத்தரவையும் மீறினார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கலிபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டன் ராணுவச் சிறையில் 38 நாள் இருந்தார். 1999-ல் 'பேட் கண்டக்ட் டிஸ்சார்ஜ்' கொடுத்து, அதாவது கெட்ட நடத்தை என்று பதிவு செய்து, வெளியே அனுப்பினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்கப் படையில் இருந்து வெளியே வருவதற்கு ஐந்தாறு வகை உண்டு. மேலே இருப்பது கௌரவமான விடுவிப்பு. அதற்குக் கீழே உள்ள இரண்டு மூன்றை நிர்வாகமே காகிதத்தில் முடித்துவிடும். கடைசி இரண்டையும் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் கொடுக்க முடியாது. அதில் ஒன்று ஆர்டனுக்குக் கிடைத்தது. அதற்கும் கீழே 'டிஸ்ஹானரபிள்' என்று ஒன்று இருக்கிறது. கொலை, பாலியல் வன்முறை மாதிரியான பெருங்குற்றங்களுக்குக் கொடுப்பது. அது ஆர்டனுக்குக் கொடுக்கப்படவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து எழுதுகிறவர்கள் அவர் மேல் இல்லாத குற்றத்தையும் சேர்த்துச் சுமத்துகிறார்கள்.

போர்க்களக் கதைக்கும் ஆதாரம் கிடையாது. செப்டம்பர் 2001 தாக்குதலும், அதன் பின் வந்த ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களும் நடந்தபோது அவர் படையிலேயே இல்லை. 2000-லேயே செயின்ட் லூயிஸ் பக்கத்தில் மல்யுத்தப் பயிற்சிக்குப் போய்விட்டார். 2001-ல் கென்டக்கியில் லூயிவில் நகரத்துப் பயிற்சிக் களம், 2002-ல் டிவி. 2004 ஆகஸ்ட் 15 அன்று டொரண்டோவில் கிறிஸ் பென்வாவைத் தோற்கடித்து, 24 வயதில் டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் மிக இளைய உலக சாம்பியன் ஆனார். சிறையில் இருந்து வந்து ஐந்து வருஷத்தில் அது நடந்தது.

இனி நான் ஏன் எழுதுகிறேன் என்பது.

என் அக்கா மகன் ராணுவத்தில் சேர்ந்தான். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி, படிக்காத பையனுக்குத் தீப்பெட்டி ஆபீஸ், படித்த பையனுக்கு மெட்ராஸ் பஸ். மாமா மிலிட்டரியில் இருக்கிறான் என்று என்னைக் காட்டிக்காட்டியே அவனை வளர்த்தார்கள். ஓட்டத்தில் நல்ல கெட்டி. முதல் ஆள்சேர்ப்பு ராலியிலேயே தேர்வாகிப் பெட்டி படுக்கையோடு டிரெயினிங் சென்டருக்குப் போனான். எந்த சென்டர் என்று சொல்லப்போவதில்லை, அங்கே யார் மேலும் எனக்குக் குறை கிடையாது.

கறுப்பு டிரங்க் பெட்டியில் வெள்ளை பெயின்ட்டால் பெயரும் நம்பரும் எழுதி வாங்கினவன், சில மாதத்தில் அந்தப் பெட்டியை அப்படியே கட்டிலடியில் பூட்டி வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸில் வெளியே போனவன், சாயங்காலம் தலை எண்ணும்போது ஆள் இல்லை. மூன்றாம் நாள் ஊரில் வந்து நிற்கிறான். ராணுவ பூட் கடித்துக் குதிகால் இரண்டும் பச்சைப் புண். புண்ணுக்காக ஓடி வந்தான் என்று நினைக்காதீர்கள். ராத்திரி ரோல் காலில் அவன் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டு எல்லோரும் சிரித்ததும், புரியாத இந்தியில் திட்டு வாங்கியதும், வீட்டுக்குப் போனில் பேசினால் அப்பா "தாக்குப்பிடிலே" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை சொல்லாததும் எல்லாம் சேர்ந்துகொண்டது. 18 வயது. வேறென்ன சொல்ல?

நான் அப்போது லீவில் வந்திருந்தேன். அக்கா போன் பண்ணினாள். மச்சான் மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார், ஒரே வீட்டில் தனித்தனியாகச் சாப்பாடு. நான் போய் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். முப்பது நாள் தாண்டிவிட்டால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற விசாரணை வைத்து டெசர்ட்டர், அதாவது படையை விட்டு ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் அவன் தன் காலால் நடந்து உள்ளே போயாக வேண்டும்.

ரயிலில்தான் அவன் அந்தப் பெயரைச் சொன்னான். "மாமா, ராண்டி ஆர்டன் கூட என்னைய மாதிரி ஓடி வந்தவன்தான். அவன் இன்னைக்கு எங்க இருக்கான் பாருங்க" என்றான். டபிள்யூடபிள்யூஇ கார்டு சேர்த்து வளர்ந்த பிள்ளை. நான் அவன் போனை வாங்கியே தேடிப் படித்துவிட்டுச் சொன்னேன்: "ஏல, அவன் 38 நாள் ஜெயில்ல கெடந்துட்டு வந்தவன். கையெழுத்துப் போட்ட இடத்துல போய் நின்னு தண்டனைய வாங்கிட்டுத்தான் வெளிய வந்தான். நீ அதச் செய்யி மொதல்ல." அதற்கப்புறம் இறங்கும் வரைக்கும் பேசவில்லை.

கம்பெனி கமாண்டர் முன்னால் விசாரணைக்குக் கொண்டுபோய் நிறுத்தும்போது தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்வார்கள். நான் வராந்தாவில் தள்ளி நின்றிருந்தேன். ஊரில் சரியாகச் சாப்பிடாமல் பையன் இளைத்திருந்தான், பெல்ட் இல்லாமல் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. அட்டென்ஷனில் நிற்க வேண்டும் என்பதால் கையால் பிடிக்கவும் வழியில்லை. வயிற்றை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றான். அந்த அதிகாரி அதைக் கவனித்திருக்க வேண்டும், விசாரணையைச் சுருக்கமாக முடித்தார். குவார்ட்டர் கார்டில், அதாவது முகாம் காவலறையில் தண்டனை, பின்னால் வந்த பேட்சோடு மறுபடியும் பயிற்சி. தண்டனையை முழுசாக அனுபவித்தான். ஆனாலும் ஒட்டவில்லை. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடுக்கு முன்பே, இவன் சிப்பாய் ஆவதற்குச் சரிப்பட மாட்டான் என்று எழுதி முறைப்படி அனுப்பிவிட்டார்கள். அதில் குற்றம் என்று ஒரு வார்த்தை கிடையாது. இன்று தூத்துக்குடியில் கிரேன் ஓட்டுகிறான், நல்ல சம்பளம்.

ஆனால் ஊரில் அவன் பெயர் இன்றைக்கும் 'ஓடி வந்தவன்' தான். இரண்டு இடத்தில் பெண் கேட்டுப் போய் அந்தப் பேச்சால் கை நழுவியது. பேசினது யார் என்று பார்த்தால், பாசறையை வாசலில் நின்றுகூடப் பார்க்காதவர்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே ஆட்கள்தான் நான் லீவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே "மிலிட்டரி சரக்கு இருக்கா?" என்று கேட்பார்கள். பனியில் எப்படி நின்றாய், கூட இருந்தவன் எவனாவது போனானா, ஒரு கேள்வி கிடையாது. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆனபிறகும் கல்யாண வீட்டில் என்னைத் தனியே கூப்பிட்டால் கேன்டீன் கோட்டா பற்றிக் கேட்கத்தான். ராணுவத்தை ரம் பாட்டிலாக மட்டும் தெரிந்து வைத்திருப்பவனுக்கு, ஓடினவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என்ன தகுதி?

"அப்படியென்றால் ஓடுவதை நியாயப்படுத்துகிறாயா?" என்று சிலர் வருவார்கள். இல்லை. ஒருவன் இல்லாமல் போனால் அவனுடைய சென்ட்ரி டியூட்டியைப் பக்கத்துக் கட்டில்காரன் தூக்கம் கெட்டுச் செய்ய வேண்டும். அதைச் செய்தவன் நான், எனக்குத் தெரியும். அனுமதி இல்லாமல் போவது குற்றம், ஆர்டன் செய்ததும் குற்றம். அவரைப் பற்றி எனக்கு இன்னொரு கருத்தும் உண்டு, ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. 2012-ல் அவரை 'தி மரீன்' படவரிசையின் மூன்றாம் படத்தில் மரீன் வீரனாக நடிக்க வைப்பதாக அறிவித்தார்கள். முதல் படத்தில் 2006-ல் ஜான் சீனா நடித்தது. முன்னாள் மரீன்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் ஆர்டனை எடுத்துவிட்டு 'தி மிஸ்' என்ற இன்னொரு மல்யுத்தக்காரரை நடிக்க வைத்தார்கள். அது சரியான முடிவு.

மல்யுத்த மேடையில் ராணுவ வேஷம் புதிதில்லை. சார்ஜென்ட் ஸ்லாட்டர் தொப்பியும் விசிலுமாக வந்தார், 1991 வளைகுடாப் போர் நேரத்தில் அவரையே ஈராக் ஆதரவாளராக மாற்றிக் கூட்டம் சேர்த்தார்கள். அது வேஷம் என்று பார்ப்பவனுக்கும் தெரியும். ஆனால் தானே உதறிவிட்டு வந்த அதே சீருடையைச் சம்பளத்துக்காக மறுபடி போட்டுக்கொண்டு வீரன் என்று சினிமாவில் நிற்பது, அந்தச் சீருடையில் காலைக் கையை இழந்தவனுக்கு எப்படி இருக்கும்? அடுத்த வருஷம் ஆர்டன் வேறொரு படத்தில் ஆம்புலன்ஸ் ஊழியராக நடித்தார். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ரிங்கில் அவர் தன் பேர்போன ஆர்.கே.ஓ. பிடியைப் போடும்போது கை தட்டுங்கள், தாராளமாக. 38 நாளும் அந்தப் பதிவும் சேர்ந்து அவர் கணக்கை முடித்துவிட்டன.

கடைசியாக உங்களுக்கு. வெறும் மல்யுத்தச் சந்தேகத்துக்காக நீங்கள் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தம்பியோ நண்பனோ பயிற்சியில் இருந்து வந்துவிட்டானா, அல்லது வர நினைக்கிறானா? என் ஊகம் தவறென்றால் விட்டுவிடுங்கள். சரியென்றால், நாளை கடத்த வேண்டாம். இன்றைக்கே அவனுடைய ராணுவக் கம்பெனிக்குப் போன் போட்டு சுபேதார் சாபிடம் ஆள் எங்கே இருக்கிறான் என்று சொல்லச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் ராணுவ ஆஸ்பத்திரி, அது இல்லாத ஊரில் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு, தேதியோடு. நேரே சென்டருக்குப் போகப் பயமாக இருந்தால் அருகில் உள்ள ராணுவ யூனிட்டிலோ, பெரிய ரயில் நிலையத்தில் ராணுவத்தினர் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. ஆபீஸிலோ போய் ஆஜர் ஆகலாம், அங்கிருந்து அனுப்பி வைப்பார்கள். முப்பது நாளுக்குள் போகட்டும். தனியாக அனுப்பாதீர்கள், மாமனோ அண்ணனோ யாராவது ஒருவர் கூடப் போங்கள்.