இத்தாலியில் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பயங்கரவாதம் பற்றித் தனிக் கருத்தரங்கு எதற்கு?

யார் எதைச் செய்தார்கள் என்பதிலேயே குழப்பம் அதிகம், அதனால்தான். 1969 டிசம்பர் 12 அன்று மிலானில், ஃபொன்தானா சதுக்கத்து வங்கியில் வெடித்த குண்டுக்கு 17 பேர் பலி. பழி முதலில் அராஜகவாதிகள் மேல் விழுந்தது. விசாரணைக்குப் போன பினெல்லி என்ற அராஜகவாதி, காவல் தலைமையக ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். குண்டு வைத்தது தீவிர வலதுசாரிகள் என்பது பிறகுதான் தெளிவானது. அதையும் இடதுசாரி ஆயுதக் குழுவான 'செம்படையணி'யின் கணக்கில் எழுதுபவர்கள் இன்றும் உண்டு.

சரி, அரசியல் விளைவு? 1978 மார்ச் 16, கம்யூனிஸ்ட் ஆதரவோடு புதிய அரசு நம்பிக்கை வாக்குக் கோரவிருந்த காலையில் செம்படையணி முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தியது. 55 நாள் கழித்து, மே 9 அன்று, ஒரு சிவப்பு ரெனோ காரின் டிக்கியில் அவர் உடல் கிடந்தது. கம்யூனிஸ்டுகளின் ஆதரவும் அடுத்த ஆண்டே போய்விட்டது. அந்த மே 9-ஐ 2007-இல் சட்டம் போட்டு, பயங்கரவாதத்துக்குப் பலியானோரின் நினைவு நாளாக்கினார்கள். வகுப்பில் கேள்வி வருமே!