பூனைமுடிக்கு எலக்ட்ராலிசிஸ் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. மேலுதட்டிலும் இரண்டு கன்னத்திலும் பூனைமுடி இருக்கிறது. தை மாதம் கல்யாணம், இன்னும் நாலு மாதம்தான். த்ரெடிங் செய்து செய்து தோல் எரிகிறது. எலக்ட்ராலிசிஸ் செய்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்று பார்லரில் சொல்கிறார்கள். செய்யலாமா, இல்லை லேசரே போதுமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கன்னத்துப் பூனைமுடிக்கு எலக்ட்ராலிசிஸ் வேண்டாம், கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது நிச்சயமாக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பார்லரில் சொன்னதில் பொய் இல்லை. முடியை நிரந்தரமாக நீக்கும் முறை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்டது எலக்ட்ராலிசிஸைத்தான், லேசரை முடியைக் 'குறைக்கும்' முறை என்றுதான் சொல்கிறது. இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1875-ல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் டாக்டர் சார்லஸ் மிஷெல், உள்பக்கமாக வளர்ந்து கண்ணைக் குத்தும் இமை முடியை எடுக்க இதைப் பயன்படுத்தினார். முடி அளவே மெல்லிய ஒரு ஊசியை மயிர்க்காலுக்குள் இறக்கி மின்சாரம் கொடுத்தால், அங்கே இருக்கும் உப்பும் தண்ணீரும் சேர்ந்து காஸ்டிக் சோடாவாக மாறி வேரை அரித்துவிடும். ஆமாம், சோப்புக் காய்ச்சப் போடுகிற அதே காஸ்டிக் சோடாதான், ஆனால் துளியிலும் துளி. இப்போது பல இடங்களில் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் வேரைச் சூடாக்கியே எரிக்கிறார்கள், ஒரு முடிக்குச் சில நொடிதான்.

ஆனால் கவனியுங்கள், ஒரு முடிக்கு ஒரு குத்து. ஒரு கன்னத்தில் மட்டுமே பூனைமுடி நூற்றுக்கணக்கில் இருக்கும். அதன் வேர் மேலாகவே இருப்பதால் சூடும் தோலின் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே இறங்கும், நம்முடைய மாநிறத் தோலில் அது கரும்புள்ளியாக நின்றுவிட வாய்ப்பு அதிகம். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு மேலுதடு முழுக்கக் கடுகு தூவினது மாதிரி புள்ளிகள். முடி போய்விட்டது, புள்ளி மறைய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டேதான் பேசினார், எனக்கு அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

லேசர் இதைவிட வம்பு. அது முடியின் கறுப்பு நிறத்தைத் தேடிப் பிடித்துச் சுடுகிற ஒளி, பூனைமுடியில் பிடிப்பதற்கு அவ்வளவு நிறம் கிடையாது. அரைகுறைச் சூடு பட்டு, இருந்த மெல்லிய முடி கெட்டியாக வளர்ந்துவிடுவதும் உண்டு, தாடையோரத்திலும் கழுத்திலும், நம்மைப் போன்ற தோல்காரர்களுக்கு அது அதிகம்.

அதனால் கன்னத்தை அப்படியே விடுங்கள். கையெட்டும் தூரத்தில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை மூக்கருகே வைத்துப் பார்க்கிற உங்களுக்குத்தான் தெரியும். மேலுதடு உறுத்தினால் முகத்துக்கான சின்ன ரேஸரால் முடி வளரும் திசையிலேயே மெல்ல இழுத்துவிடுங்கள். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது உண்மை இல்லை, வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரவென்று படும், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. தாடையில் கறுப்பாக, கெட்டியாக இருபது முப்பது முடி. பிடுங்கப் பிடுங்க வருகிறது. மாதவிலக்கும் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது. அவளுக்கு எலக்ட்ராலிசிஸ் செய்யலாமா?
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: செய்யலாம் அம்மா, அது சரியாகப் பொருந்துவது இந்த மாதிரி முடிக்குத்தான். ஆனால் முதலில் பார்லர் வேண்டாம், மகளிர் நல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முடியும் தள்ளிப்போகிற மாதவிலக்கும் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்கிற பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, ப்ரோலாக்டின் ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனைகளும் தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்பார்கள். ஹார்மோனைக் கவனிக்காமல் எலக்ட்ராலிசிஸ் செய்தால், குத்தின முடி போகும், பக்கத்தில் புதிதாக முளைக்கும், பிள்ளை மனம் உடைந்துபோவாள். மருந்து ஆரம்பித்தாலும் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதம் ஆகும். குரல் கட்டையாவது, திடீரென்று முடி பெருகுவது இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

அப்புறம் எலக்ட்ராலிசிஸ். தோல் டாக்டர் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக்கூடாது. முதல் நாள் நாலைந்து முடி மட்டும் எடுத்துவிட்டு, தோல் கறுக்கிறதா என்று சில வாரம் பொறுத்துப் பாருங்கள். ஊசி மயிர்க்காலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், இறங்கும்போதே சுருக்கென்று குத்தினால் இடம் தவறுகிறது. மின்சாரம் பாயும்போது மட்டும் எரிச்சல் இருக்கும். முடி இழுக்காமலே கையோடு வர வேண்டும், வெடுக்கென்று பிடுங்க வேண்டியிருந்தால் வேர் சாகவில்லை. வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் நன்றாக மாட்டும் என்பதால் பல தடவை, ஒரு வருடத்துக்கு மேலும் போக வேண்டியிருக்கும். இடையில் த்ரெடிங்கோ பிடுங்குவதோ கூடாது, கத்தரித்துக்கொள்ளலாம். மறுநாள் கொசு கடித்த மாதிரி தடிப்பும் சின்னப் பொருக்கும் வரும், கிள்ளாமல் விட்டால் தானே உதிரும். மஞ்சள், கடலை மாவு, முகப்பூச்சு எல்லாம் சில நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, காலேஜுக்கு வெயிலில் போகிறவள் என்றால் தடிப்பு அடங்கினதும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லுங்கள்.