கிளீனர் இல்லாத லாரி

தம்பி, குலசேகரம் பக்கம் எட்டு வருடம் தாரஸ் லாரியில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி ஓட்டியவர் நீங்கள். மனைவி நர்ஸ் என்பதால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குக் குடும்பத்தோடு அடுத்த மாதம் விமானம் ஏறுகிறீர்கள். "இந்திய ஹெவி லைசென்ஸைக் காட்டி நேராகச் சோதனைக்குப் போகலாமா, எதற்கு மறுபடியும் பயிற்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள். போக முடியாது. 2018-இல் கருங்கலிலிருந்து வந்த நானும் இதே வீறாப்போடுதான் வந்து இறங்கினேன்.

முதலில் கார் ஓட்டுவதற்கான முழு ஜி உரிமம் வேண்டும். இந்தியாவில் ஓட்டிய காலத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் வாய்ச்சொல்லுக்கு ஒரு வருடம்தான் மதிப்பு. அதற்கு மேல் வேண்டுமானால், உரிமம் கொடுத்த அலுவலகம் அல்லது தூதரகத்தின் சான்றுக் கடிதம் தேவை. ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் வந்து, அப்பாவை வெயிலில் அலையவிட்டேன்.

அதன்பின் ஏஇசட் உரிமம். டிரெய்லர் ஓட்ட ஏ, காற்று பிரேக்குக்கு இசட். 2017 ஜூலை 1 முதல் ஒன்டாரியோவில் ஏ உரிமத்துக்குக் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். மற்ற சில மாகாணங்களுக்கு இந்தப் புத்தி வர ஒரு பெரும் விபத்து தேவைப்பட்டது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில், நிறுத்தப் பலகையில் நிற்காமல் போன டிரெய்லர் லாரியால், ஐஸ் ஹாக்கி இளைஞர்கள் சென்ற பஸ்ஸில் 16 பேர் இறந்தார்கள். லாரியை ஓட்டியவர் இந்தியாவிலிருந்து வந்தவர், வேலைக்குப் புதியவர். எட்டு ஆண்டு சிறைத் தண்டனை. பயிற்சி எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

உங்களுக்கு முன்னால் போவது சிரமமாக இருக்காது, பின்னால் எடுப்பதுதான் சிரமம். ஊரில் கிளீனர் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்பான். போதுமென்றால் பாடியில் இரண்டு தட்டு. இங்கே அந்தக் கை கிடையாது. 53 அடிப் பெட்டி. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். முதல் வாரம் டிரெய்லர் இல்லாத தாரஸ் பழக்கத்தில் திருப்பித் திருப்பி, பெட்டியை அரிவாள் மாதிரி மடக்கி நிறுத்தினேன். பயிற்றுநர் ஒரு வழி சொன்னார்: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி, வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளு. அன்றைக்குத்தான் பிடிபட்டது. சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். பத்து முறை இறங்கினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்தது வாய். புறப்படும் முன் வண்டியைச் சுற்றி வந்து, எதைப் பார்க்கிறோம், அது எப்படி இருக்கிறது என்று சோதகருக்குக் கேட்கும்படி சொல்லவேண்டும். பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றைக் குறைத்து, அழுத்தம் 55 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே இறங்குவதற்குள் எச்சரிக்கை ஒலி வருகிறதா என்று காட்டவேண்டும். நமக்கு இதெல்லாம் தெரியும், சொல்லிப் பழக்கமில்லை. நான் முதல் சோதனையில் தோற்றது அதனாலும், இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரல் போட்டதாலும். சோதகர் ஒன்றும் பேசவில்லை, பேனாதான் ஓடியது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான் சேர்ந்த இடத்தில் நான்கு பேர் ஏறி, மூன்று பேர் வேடிக்கை பார்த்தோம். ஆட்டோமேடிக் வண்டியில் சோதனை கொடுத்தால் மேனுவல் ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 2022 ஜூலை முதல் உரிமத்திலேயே வருகிறது. கிளட்ச் மிதித்தே காலம் கழித்தவர் நீங்கள், மேனுவலிலேயே கொடுங்கள்.

வேலை தேடும்போது "உங்கள் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்துகொள்ளுங்கள், வரி பிடிக்காமல் முழுப் பணமும் தருகிறோம்" என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள், நம்மூர்க்காரர்களும் உண்டு. விடுப்புச் சம்பளம், அடிபட்டால் இழப்பீடு எல்லாம் அதில் போய்விடும். என் முதல் ஏழு மாதம் அப்படிப் போனதுதான்.

பனியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆடி மாதத்தில் முப்பந்தலில் காலி லாரி ஓட்டியிருப்பீர்கள் அல்லவா, காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுமே? அந்தக் காற்று, காலி டிரெய்லர், அடியில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ், மூன்றையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குளிர்காலத்தில் பழகிய ஓட்டுநர் ஒருவரோடு ஓட அனுப்பும் நிறுவனம் கிடைத்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அங்கேயே சேருங்கள்.

சான்றுக் கடிதத்துக்கு இந்த வாரமே மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். ஆங்கிலத்தில் கேளுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிடுங்கள்.