25 ஆயிரம் ரூபாய்க்குள் வீட்டில் பாட்டுக் கேட்க எந்த ஸ்டீரியோ ரிசீவர் வாங்கலாம்? அமெரிக்காவில் இருந்து வருபவரிடம் சொல்லி வாங்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். அவராகவே கொண்டு வருகிறேன் என்று சொன்னாலும் வேறு ஏதாவது கேளுங்கள்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருப்போம். வீட்டில் ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் கிடக்கும். ப்ளூடூத் டப்பாவில் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். "இதுக்குப் போய் இவ்வளவு பணமா" என்று கேட்க வீட்டில் ஒருவர் இருப்பார். அமெரிக்காவில் ஒருவர் இருப்பார். "இங்கே பாதி விலைதான்" என்று அவர் போனில் சொல்லியிருப்பார். விலையைப் பொறுத்தவரை அவர் சொல்வது பல சமயம் உண்மைதான், அதை மறுக்கவில்லை.

என் மச்சினன் டல்லாஸில் இருக்கிறான். பாசக்காரன். நான் ரிசீவர் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவன் அக்கா மூலம் கேள்விப்பட்டு, அடுத்த முறை வரும்போது ஒன்றை செக்-இன் பெட்டிக்குள் துண்டு, பெட்ஷீட் எல்லாம் சுற்றிக் கொண்டுவந்துவிட்டான். கொண்டு வராதே, அங்கே 120 வோல்ட், இங்கே 230 என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். "அதெல்லாம் ஒரு கன்வர்ட்டர் போட்டா சரியாயிடும் மாமா" என்றான். கம்பெனி பெயர் வேண்டாம். நல்ல கம்பெனிதான், அவர்கள் ஊருக்கு அவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

கன்வர்ட்டர் என்று அவன் சொன்னது எடை குறைந்த மின்னணுச் சமாச்சாரம். ஹேர் டிரையருக்கு ஆகும், ஆம்ப்ளிஃபையருக்கு ஆகாது. இதற்கு இரும்புக் கோர் வைத்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் போய் 500 விஏ ஒன்றை வாங்கிப் போட்டேன். வோல்டேஜ் சரியானது. ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அவர்களுடையது 60. 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை 50-ல் ஓட்டினால் கோரில் காந்தப்புலம் ஏறும், சூடு கூடும், உர்ர்ரென்று சத்தம் வரும். ஸ்டெப்-டவுன் பெட்டி வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ராத்திரி ஃபேனை நிறுத்தினால் பாட்டுக்கு முன்னால் அந்த உர்ர்தான் கேட்கும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். விஷயம் ரிசீவருக்குள் இருந்த ரேடியோவில் மாட்டியது.

எங்கள் அப்பாவுக்குக் காலையில் 101.4 வேண்டும். சென்னை எஃப்எம் ரெயின்போ. இந்தியாவிலேயே முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977-ல் மதராஸில்தான் தொடங்கியது என்பதில் அவருக்கு ஏதோ தானே தொடங்கி வைத்த மாதிரி ஒரு பெருமை உண்டு. ரிமோட்டை வாங்கி டியூனிங் பட்டனை அழுத்தினார். 101.1, 101.3, 101.5. திரும்பக் கீழே வந்தார். 101.5, 101.3. "நூத்தியொண்ணு பாயிண்ட் நாலு எங்கடா?"

இல்லை. அந்தப் பெட்டியில் 101.4 என்ற எண்ணே இல்லை. அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், புள்ளிக்குப் பிறகு ஒற்றைப்படை எண்ணில்தான் இருக்கும். அங்கே விற்கும் பல ரிசீவர்கள் அதற்கேற்பவே தாவும். 98.3, 93.5 எல்லாம் நம் அதிர்ஷ்டத்துக்கு ஒற்றைப்படை, ஆகவே கிடைத்தன. ரெயின்போவும் ஹலோ எஃப்எம்மின் 106.4-ம் கிடைக்கவில்லை. 101.3-ல் வைத்தால் ஏதோ வரும், ஆனால் செய்தி வாசிப்பவர் 'ச', 'ஸ' சொல்லும் இடமெல்லாம் துணி கிழிகிற சத்தம். சில மாடல்களில் இந்த இடைவெளியை மாற்றப் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் மாறும். இதில் இரண்டும் இல்லை, மேனுவலை வரிக்கு வரி பார்த்தாயிற்று. கிடைக்கிற நிலையங்களிலும் மேல் ஸ்தாயி கொஞ்சம் மந்தம். அதற்கும் காரணம் உண்டு. எஃப்எம்மில் மேல் ஸ்தாயியை ஏற்றி அனுப்பி, வாங்கும் இடத்தில் இறக்குவார்கள். அந்தக் கணக்கு அமெரிக்காவில் 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. அவர்கள் பெட்டி தேவைக்கு மேல் இறக்கிவிடுகிறது.

அப்பா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவருடைய பழைய பாக்கெட் ரேடியோவைத் தேடி எடுத்து, ரிசீவரின் தலைமேலேயே வைத்துக் கேட்க ஆரம்பித்தார். மச்சினன் அப்போது இன்னும் ஊர் திரும்பவில்லை. வீட்டில் நிலவரம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"யாரு இப்ப ரேடியோ கேக்குறாங்க" என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: ரேடியோ வேண்டாமென்றால் ரிசீவரே வேண்டாம், இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள். ரேடியோவும் சேர்ந்ததுதான் ரிசீவர். கேள்வியில் ரிசீவர் என்று இருந்ததால் ரேடியோ பற்றிப் பேசினேன். அமெரிக்காவில் இருப்பவர்கள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. வாரண்டி விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலான கம்பெனிகளில் வாங்கிய நாட்டில்தான் அது செல்லும்.

சரி, எதை வாங்குவது. நான் கடைசியில் இங்கேயே வாங்கியது யமஹா ஆர்-எஸ்202. ஒரு டீலரிடம் உள்ளூர் பில்லோடு. சாதாரணப் பெட்டி, பகட்டு கிடையாது. ப்ளூடூத் உண்டு, எஃப்எம் உண்டு, இரண்டு ஜோடி ஸ்பீக்கர் மாட்டலாம். 101.40 வருகிறது. சோனியின் எஸ்டிஆர்-டிஹெச்190-ம் ஏறக்குறைய இதே வகைதான். ஒரு முக்கியமான வித்தியாசம், சோனியில் ஃபோனோ இன்புட் உண்டு, யமஹாவில் இல்லை. எல்பி ரெக்கார்டு ஓட்டும் எண்ணம் இருந்தால் சோனி. ரெக்கார்டு பிளேயரின் ஊசியில் இருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதைச் சாதாரண இன்புட்டில் சொருகினால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும். யமஹாவோடு ரெக்கார்டு ஓட்ட வேண்டுமானால் தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்க வேண்டியிருக்கும். இரண்டிலும் ஆப்டிகல் இன்புட் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற டிவிகளில் பலவற்றில் சிவப்பு-வெள்ளை ஆடியோ அவுட் கிடையாது, ஆப்டிகலும் ஹெச்டிஎம்ஐ-யும்தான். நடுவில் டிஜிட்டல் ஒலியைச் சாதாரண ஆடியோவாக மாற்றும் டிஏசி என்ற சின்ன டப்பா ஒன்று போட வேண்டும், டிவி செட்டிங்கில் ஆடியோவை பிசிஎம் என்று மாற்ற வேண்டும். டால்பியிலேயே விட்டால் அந்த டப்பா மௌனமாக உட்கார்ந்திருக்கும். இந்தத் தலைவலி வேண்டாம், பட்ஜெட்டும் நகரும் என்றால் யமஹா ஏ-எஸ்301 என்ற ஆம்ப்ளிஃபையர். ஆப்டிகல், ஃபோனோ இரண்டும் அதில் உண்டு, ரேடியோ கிடையாது.

விலை எழுதவில்லை. நான் எழுதினால் நாளைக்கே ஒருவர் வேறு விலையோடு வந்து சண்டை போடுவார். பண்டிகை சீசனில் ஒரு விலை, மற்ற மாதங்களில் ஒரு விலை. 25 ஆயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

வாட் பற்றிக் கேட்பீர்கள். ரிசீவர் வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியில் முதலில் படிப்பதும் கடைசியில் படிக்க வேண்டியதும் அதுதான். ஒரு ஸ்பீக்கர் 87 டெசிபல் சென்சிடிவிட்டி என்றால், 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் வரும். ஹாலில் அந்தச் சத்தத்தில் பாட்டு ஓடினால் அடுக்களையில் இருந்து குரல் வந்துவிடும். 50 வாட்டில் இருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே 40 வாட்டா 100 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அந்த வாட்டை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எந்த அதிர்வெண்ணில் இருந்து எதுவரை, எத்தனை சதவீதம் டிஸ்டார்ஷனில், அதாவது ஒலிச் சிதைவில். ஆர்-எஸ்202-க்கு 8 ஓமில், 40 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.2 சதவீதத்தில் 100 வாட் என்று முழு விவரம் கொடுத்திருக்கிறார்கள். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம்" என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த எண்ணில் இருந்து கணிசமாகக் கழித்துக்கொள்ளுங்கள். கண நேர உச்சத்தை வைத்துப் போடும் விளம்பரக் கணக்கான பிஎம்பிஓ-வில் 3000 வாட் என்று இருந்தால் படிக்காமலே நகர்ந்துவிடுங்கள். அமெரிக்காவில் இந்தக் கூத்தை அடக்குவதற்கென்றே 1974-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்.

ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று அதன் முதுகில் பாருங்கள். 6 அல்லது 8 என்றால் கவலை இல்லை. 4 என்றால் ரிசீவரின் மேனுவலைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். உங்களிடம் ஸ்பீக்கரே இல்லையென்றால் 25 ஆயிரத்தையும் ரிசீவரில் கொட்டாதீர்கள். பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். ரிசீவருக்குப் பதில் 24 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற சின்ன கிளாஸ்-டி ஆம்ப் போதும். டிபிஏ3116 ஐசி போட்டவை நிறையக் கிடைக்கின்றன. அட்டையில் 100 வாட் என்று எழுதியிருப்பார்கள், 8 ஓமில் 30 வாட் பக்கம்தான் வரும். 10-க்கு 12 அடி அறைக்கு அது தாராளம். கையகலப் பெட்டியில் என்ன வந்துவிடும் என்று கேலி செய்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கட்டும்.

லோக்கல் அசெம்பிள் செட்டை நான் ஒதுக்கவில்லை. 4440 என்ற ஆம்ப் ஐசி போட்ட போர்டில் டீக்கடையும் டவுன் பஸ்ஸும் ஓடிய ஊர் இது. 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்டு நேர்த்தியாகச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ரிப்பேர் என்றால் அரை நாளில் முடியும். ஆனால் அந்த டிரான்சிஸ்டர்களிலும் எஸ்டிகே ஐசிகளிலும் போலி நிறையப் புழங்குகிறது. உங்களுக்கு நம்பகமான மெக்கானிக் இருந்தால் செய்யுங்கள், பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். செகண்ட் ஹேண்டில் பழைய ஜப்பான் ரிசீவர் எடுப்பவர்களும் அப்படித்தான். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் சுத்தம் செய்து சரி பண்ணிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் விட்டு விட்டு வந்தாலோ, பாட்டில்லாதபோதும் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று கேட்டாலோ விட்டுவிடுங்கள். சென்னை உப்புக்காற்றில் பழைய ஸ்பீக்கரின் ஃபோம் ரிங்கும் விரலால் தொட்டாலே உதிரும், வாங்குவதற்கு முன் வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். என்னுடைய பழைய சோனோடைன் ஜோடிக்கு ரிங் மாற்றித்தான் ஓட்டுகிறேன்.

ஸ்பீக்கர் வயருக்குப் பெரிய செலவு வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஃப்ளெக்ஸிபிள் வாங்கிப் போடுங்கள். மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் வயர்க்காரர்களோடு எனக்கு வாதம் கிடையாது, அவர்கள் பணம்.

எஃப்எம் ஆண்டெனா வயர் ஒன்று பெட்டிக்குள் தருவார்கள். அதை நன்றாக விரித்து உயரத்தில் கட்ட வேண்டும், சுருட்டிப் பின்னால் போட்டால் இரைச்சல்தான். உயரத்தில் கட்ட ஒரு ஆணி வேண்டும். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் முந்தைய வீட்டு ஓனர் சுவரில் ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை. ஸ்பீக்கரைச் சுவரில் மாட்ட முடியாது, வயரை ஜன்னல் கம்பியில் சுற்றிக் காலம் தள்ளினோம். சரி, அவர் வீடு, அவர் சுவர். ஆனால் காலி செய்யும்போது பெயின்ட்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். ஒரு ஓட்டைகூட இல்லாத சுவருக்குப் பெயின்ட்டா என்று கேட்டால் "எல்லாரும் பிடிக்கிறதுதான் சார்" என்றார். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸாகப் பேசுகிறது. நம்மிடம் வாங்கியதோ பத்து மாதம். நாங்கள் போன கையோடு புது ஆளுக்கு அதே சுவரை அடிக்காமலே கொடுத்தார் என்று வாட்ச்மேன் சொன்னார். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

செட்டாப் பாக்ஸை மாட்டியதும் ம்ம்ம் என்று ஒலித்தால் ரிசீவரைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். அதோடு சத்தம் நின்றால் எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் சேர்வதால் வரும் இரைச்சல், ரிசீவரில் ஒன்றுமில்லை.

இவ்வளவும் இரண்டு ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவர்களுக்கு. 5.1 ஹோம் தியேட்டர் வேண்டுமென்பவர்கள் வேறு யாரையாவது கேளுங்கள். எனக்கு அதில் ஆர்வமும் இல்லை, எங்கள் ஹாலில் அதற்கு இடமும் இல்லை.