லிடியா போயெட் தொடர்: யார் சொல்வதை நம்பிப் பார்ப்பது?

கேள்வி: நெட்ஃபிளிக்ஸில் ‘தி லா அக்கார்டிங் டு லிடியா போயெட்’ என்ற இத்தாலியத் தொடரைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். பார்த்தவர்களில் பாதிப் பேர் ‘ஜாலியாகப் போகிறது, உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டேன்’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது, சரித்திரத்தையும் கெடுத்துவிட்டார்கள்’ என்கிறார்கள். யாரை நம்புவது? மாமியாரும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் ஹாலில் இருக்கும்போது போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். முதல் எபிசோடு தொடங்குவதே படுக்கையறையில்தான். கெட்ட வார்த்தைகளும் தாராளமாக வரும். ரிமோட்டைத் தேடுவதற்குள் மாமியார் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார். நீங்களும் கணவரும் மட்டும் பார்க்கிற தொடர் இது.

அடுத்தது விமர்சனங்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. கொலைகாரனை ஊகித்துவிட முடிகிறது என்பது உண்மைதான், அதற்குக் காரணம் தொடரின் அமைப்பு. முதல் சீசனில் ஒரு எபிசோடுக்கு ஒரு வழக்கு. முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான அந்தப் பொழுதில் வழக்கும் நடக்க வேண்டும், லிடியாவுக்கும் அண்ணன் என்ரிகோவுக்கும் சண்டை வந்து சமாதானமும் ஆக வேண்டும், காதல் ஓரடி நகர வேண்டும், வக்கீலாகும் உரிமைக்கான போராட்டமும் தொடர வேண்டும். இத்தனைக்கும் நடுவில் சந்தேகப்படுவதற்கென்று புதிதாக வரும் முகங்கள் நாலைந்துதான் இருக்க முடியும். குற்றக் கதைகளில் பழகியவர்கள் இருபதாவது நிமிடத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவார்கள். முடிச்சு அவிழ்வதற்காக மட்டும் துப்பறியும் கதை பார்ப்பவர் நீங்கள் என்றால் ஏமாற்றம்தான்.

இத்தாலிய டிவியில் இது புதிதல்ல. அங்கே துப்பறிபவரின் சொந்த வாழ்க்கை கதையில் சரிபாதியை எடுத்துக்கொள்ளும். 1999இல் தொடங்கி 2021 வரை வந்த இன்ஸ்பெக்டர் மொந்தல்பானோ தொடரையே பாருங்கள். சிசிலிக் கடற்கரையில் அவர் ரசித்துச் சாப்பிடுவதும், தொலைவில் இருக்கும் காதலி லிவியாவோடு போனில் சண்டை போடுவதும் பிணத்துக்குச் சமமான இடத்தைப் பிடித்திருக்கும். யார் கொன்றது என்பது மறந்த பிறகும் ரசிகர்கள் அந்தச் சண்டைகளைப் பற்றிப் பேசுவார்கள். லிடியா தொடரும் அந்த வழியில் வந்ததுதான், 1880களின் தூரின் நகரத்தில் நடக்கிறது, அவ்வளவே. மத்தில்தா தெ ஆஞ்ஜெலிஸ் என்ற நடிகைக்காகவே இதைப் பார்த்தோம் என்று பலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் பேச அனுமதி இல்லாத ஒரு பெண், அண்ணனின் காதில் கிசுகிசுத்தே வழக்கை நடத்துவதை வைத்து அவரும் என்ரிகோவாக வரும் பியெர் லூயிஜி பசீனோவும் செய்யும் கூத்து, எந்தக் கொலையையும்விடச் சுவாரசியம்.

காதல் பக்கம் யாக்கபோ என்ற பத்திரிகைக்காரர் இருக்கிறார். என்ரிகோவின் மனைவியுடைய சகோதரன். அண்ணனின் மைத்துனன் என்றால் நம் வீட்டுக் கணக்கில் கட்டிக்கொள்ளும் முறைதானே! இத்தாலியர்கள் அதற்கு இரண்டு சீசன் இழுக்கிறார்கள். இரண்டாவது சீசனில் ஃபூர்னோ என்ற அரசு வழக்கறிஞர் வேறு வந்து சேர்கிறார். ‘இன்னும் எத்தனை நாள்தான் இழுப்பார்கள்’ என்ற புலம்பல் விமர்சனங்களில் இருந்தால், அது காதலுக்காகவே பார்த்தவர் எழுதியது.

சரித்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்ற குறையைத்தான் நான் கொஞ்சம் பொருட்படுத்துவேன். லிடியா போயெட் கற்பனைப் பாத்திரம் அல்ல. 1855இல் வட இத்தாலியின் பியெமோந்தே மலைப்பகுதியில், வால்தென்சியர் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். 1881இல் தூரின் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார். 1883 ஆகஸ்டில் வழக்கறிஞர் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது, நவம்பரிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெண்களின் விசித்திரமான உடைகளுக்கு மேல் வக்கீல் அங்கியைப் போட்டால் எப்படி இருக்கும் என்றுகூட அந்தத் தீர்ப்பு கவலைப்பட்டது. நாடகத்துக்காகச் சேர்த்த வசனம் என்று நினைத்துவிடாதீர்கள், உண்மையான தீர்ப்பிலேயே இருக்கிறது. அதன் பிறகு பினெரோலோவில் அண்ணனின் அலுவலகத்தில் வேலை செய்தார், சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்தார். பெண்களும் வக்கீலாகலாம் என்று 1919இல் சட்டம் மாறியது. 1920இல் முறைப்படி வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 65.

இவர் பிணங்களைச் சோதித்துக் கொலைகாரர்களைத் துரத்தியவர் அல்ல, தொடரில் வருவதுபோல வாய்க்கு வந்ததைத் திட்டுபவரும் அல்ல. அதனால் அவரை மதிக்கும் இத்தாலியர்களுக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் நமக்கு அவர் பெயரே இந்தத் தொடரால்தானே தெரிய வந்தது? சைக்கிள், கைரேகை, பின்னணியில் இந்தக் காலத்துப் பாட்டு என்று காலம் கலந்து கிடப்பது தெரிந்தே செய்த விளையாட்டு. அது பிடிக்காதவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே பிடிக்காமல் போய்விடும், அதுவும் ஒரு வசதி.

விமர்சனம் படிக்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காதீர்கள். எழுதியவர் எதைத் தேடிப் போனார் என்று பாருங்கள். புதிரா, காதலா, வரலாறா? உங்கள் தேடலோடு ஒத்துப்போகிறவர் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அப்புறம், ‘நடிப்பு செயற்கை’ என்று யாராவது எழுதியிருந்தால் எந்த மொழியில் பார்த்தார் என்றும் கவனியுங்கள். ஆங்கில டப்பிங்கில் அண்ணன் தங்கை சண்டையின் வேகமே போய்விடுகிறது. ஆடியோவை இத்தாலியனுக்கு மாற்றி, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள்.

முதல் சீசன் 2023இல் வந்தது, இரண்டாவது 2024இல். இரண்டிலும் ஆறாறு எபிசோடு. முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், ஆட்களை அறிமுகப்படுத்தவே அதற்கு நேரம் போய்விடுகிறது. இரண்டாவதையும் பாருங்கள். அதிலும் என்ரிகோவைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை என்றால் நிறுத்திவிடலாம். மேற்கொண்டு பார்த்தாலும் இதே சுவைதான்.

மாமியாரோடும் மகளோடும் பார்க்க வேண்டுமென்றால் ‘தோன் மத்தேயோ’ எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். சைக்கிளில் சுற்றும் ஒரு பாதிரியார் கொலைகளைத் துப்பறியும் கதை, 2000இல் தொடங்கிய தொடர். அங்கே தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பார்ப்பதற்கென்றே எடுத்தது. அதிலும் குற்றவாளியைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடலாம், உங்கள் மகளே கண்டுபிடித்துவிடுவாள்.